புது ஸ்லேஷர் தரும் தொல்லைகள்: லோரியிலிருந்து இறக்கிய நாள் முதல் 50 மணி நேரம் வரை

பெயிண்ட் வாசனை போகாத ஸ்லேஷரை (டிராக்டருக்குப் பின்னால் மாட்டிப் புல் வெட்டும் மெஷின்) லோரியிலிருந்து இறக்கி, அன்று மாலையே டிராக்டரில் மாட்டி, மறுநாள் காலை செம்பனை வரிசைக்குள் விட்டுவிடுவதுதான் நெகிரி செம்பிலானின் பகாவ், ரொம்பின், பத்து கிக்கிர் பக்கத்துச் சிறு தோட்டங்களில் வழக்கம். இரண்டு மூன்று நாளில் கடைக்குப் போன் போகும். ஷாஃப்ட் (டிராக்டரின் சுழற்சியை ஸ்லேஷருக்குக் கொண்டுபோகும் தண்டு) உடைந்துவிட்டது, கியர் பாக்ஸ் ஒழுகுகிறது, வண்டியே ஆடுகிறது. கடைக்காரர் ஓட்டுநரைக் குறை சொல்வார், ஓட்டுநர் மெஷினைக் குறை சொல்வார்.

உண்மையில் ஸ்லேஷர் முடிக்கப்பட்ட பொருளாக வருவதில்லை. கியர் எண்ணெய் ஊற்றுவது, ஷாஃப்டை உங்கள் டிராக்டரின் அளவுக்கு வெட்டுவது, ஒட்டிக்கிடக்கும் கிளச்சை விடுவிப்பது, பிளேடு நட்டுகளை இறுக்குவது ஆகிய நான்கு வேலைகளும் வாங்கியவரின் கொட்டகையில்தான் நடந்தாக வேண்டும். கடையில் செய்து கொடுத்திருந்தால் நல்லது. ஆனாலும் அவர்கள் வாய்ச்சொல்லை நம்பாமல் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். இந்த நான்கிலும் தவறு நடக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் மெஷினில் கோளாறு என்று பேச முடியும்.

லோரிக்காரர் போவதற்கு முன்

முதலில் மெஷினில் பதித்திருக்கும் விவரத் தகட்டைப் பாருங்கள். மாடல், சீரியல் எண், பி.டி.ஓ. (மெஷினுக்கு விசை தர டிராக்டரின் பின்னால் சுழலும் கம்பி) வேகம், கியர் பாக்ஸ் தாங்கும் குதிரைத்திறன் எல்லாம் அதில் இருக்கும். போட்டோ எடுத்து வையுங்கள். வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று என்றிருந்தால் டிராக்டரின் பி.டி.ஓ. கம்பி 1⅜ அங்குலத் தடிமனில், 6 பற்களோடு இருக்க வேண்டும். 21 பற்கள் உள்ள கம்பி 1000 சுற்று வேகத்துக்கானது. சில டிராக்டர்களில் ஒரே கம்பிக்கு 540, 1000 என இரண்டு வேகமும் லீவரில் மாற்றலாம். 540 ஸ்லேஷரை மறதியாக 1000-இல் சுழலவிட்டால் பிளேடு வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். அப்படி ஓடிய மெஷினின் அருகில் யாரும் நிற்கக்கூடாது.

அகலத்துக்கும் டிராக்டர் பலத்துக்கும் பட்டறைக் கணக்கு ஒன்று உண்டு. வெட்டும் அகலத்தின் ஒவ்வோர் அடிக்கும் பி.டி.ஓ.வில் 5 குதிரைத்திறன். 5 அடி மெஷினுக்கு 25, 6 அடிக்கு 30. லாலாங் புல் அடர்ந்த நிலம் என்றால் இதற்கு மேலே வேண்டும். மறுபக்கமும் பார்க்க வேண்டும்: 35 குதிரைத்திறனுக்கான கியர் பாக்ஸை 75 குதிரைத்திறன் டிராக்டரில் மாட்டினால், புல்லுக்குப் பதில் கியர்ப்பல்தான் வெட்டுப்படும்.

மெஷினை டிராக்டரின் பின்னால் மாட்டும் மூன்று புள்ளி இணைப்பின் பின்களையும் அளந்துவிடுங்கள். முதல் வகை இணைப்பில் கீழ்ப் பின் 22 மி.மீ., மேல் பின் 19 மி.மீ.; இரண்டாம் வகையில் 28 மி.மீ., 25 மி.மீ. சிறிய பின்னைப் பெரிய துளையில் புஷ் (இடைவெளியை அடைக்கும் வளையம்) போடாமல் மாட்டிவிட்டு, பிறகு "டொக் டொக்" என்று சத்தம் வருகிறது என்று புலம்புவது வாரம் ஒரு முறையாவது நடக்கிற சங்கதி.

கியர் பாக்ஸ்: எண்ணெய் இருக்கிறது என்று எண்ணாதீர்கள்

கப்பலில் வரும் ஸ்லேஷர்களில் கியர் பாக்ஸ் பெரும்பாலும் காலியாக இருக்கும், அல்லது துரு பிடிக்காமலிருக்கக் கொஞ்சம் எண்ணெய் மட்டும் இருக்கும். காலிப் பெட்டியோடு பத்து நிமிடம் ஓட்டினாலே பேரிங் சூட்டில் நீலம் பூத்துவிடும். அதற்கு வாரண்டி கிடையாது.

மெஷினைச் சமதரையில் வையுங்கள். பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் அளவுத் திருகைக் கழற்றுங்கள். மேல் துளை வழியாக, கையேட்டில் வேறு சொல்லியிருந்தாலொழிய, எஸ்.ஏ.இ. 80டபிள்யூ-90 அல்லது 90, ஜி.எல்.-5 தர கியர் எண்ணெயை ஊற்றுங்கள். பக்கத் துளையில் எண்ணெய் எட்டிப் பார்க்கும்வரை போதும். 5 அடி மெஷின்களுக்குச் சுமார் ஒன்று முதல் இரண்டு லிட்டர் பிடிக்கும். ஊற்றிய எண்ணெய் கீழ்ப் பேரிங் வரை இறங்க நேரமாகும். எனவே மாலையில் ஊற்றி, காலையில் மறுபடி அளவு பார்த்து, குறைந்ததை நிரப்புவதே சரி. டிராக்டரின் ஹைட்ராலிக் எண்ணெய் ஸ்டோரில் மிச்சம் இருக்கிறதே என்று அதை ஊற்றாதீர்கள். கூம்புப் பற்களின் அழுத்தத்தை அது தாங்காது.

அதிகமாக ஊற்றுவதும் கேடுதான். சூட்டில் விரிந்து நுரைத்த எண்ணெய் போக இடமில்லாமல் சீல் (எண்ணெயை உள்ளே தடுத்து வைக்கும் ரப்பர் வளையம்) வழியாக வெளியேறும்.

கடைசியாக, பலர் கவனிக்காத ஒரு சின்னத் திருகு. பெட்டியின் தலையில் காற்றுத் துளையுள்ள மூச்சுத் திருகு இருக்க வேண்டும். பயணத்தில் எண்ணெய் சிந்தாமலிருக்க அந்த இடத்தில் துளையில்லாத திருகைப் போட்டு அனுப்புவார்கள். மூச்சுத் திருகு கையேட்டோடு பிளாஸ்டிக் பையில் கட்டித் தொங்கும். அதை மாற்ற மறந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புத்தம்புது சீல் முதல் நாளே கசியும். பையைக் குப்பையில் போடுவதற்கு முன் ஒரு தடவை உதறிப் பாருங்கள்.

ஷாஃப்டை அளந்து வெட்டுதல்

புது ஸ்லேஷரில் ஏற்படும் செலவு மிகுந்த சேதங்களில் பல இங்கேதான் தொடங்குகின்றன. எல்லா டிராக்டருக்கும் எட்டட்டும் என்று ஷாஃப்டை நீளமாகச் செய்து அனுப்புகிறார்கள். நீளமான ஷாஃப்டை அப்படியே மாட்டினால் சமதரையில் ஒன்றும் தெரியாது. பள்ளத்தைத் தாண்ட மெஷினைத் தூக்கும்போது இரு குழாயும் ஒன்றையொன்று முட்டி நிற்கும். அதற்குமேல் குறுக வழியில்லாததால் அந்த விசை முழுவதும் ஒரு பக்கம் டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கிலும் மறுபக்கம் ஸ்லேஷரின் முன் பேரிங்கிலும் இறங்கும். முன் சீல் கசிவது, தூக்கும்போது "டங்" என்ற சத்தம், குரோஸ் ஜாயிண்டின் (ஷாஃப்ட் வளைந்து சுழல உதவும் சிலுவை மூட்டு) தொப்பி பிதுங்குவது மூன்றுக்கும் காரணம் இது ஒன்றாகவே இருக்கலாம்.

வேலையைத் தொடங்கும் முன் டிராக்டரை நிறுத்தி, சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தூக்கிய மெஷினை ஹைட்ராலிக்கை நம்பி விடாமல், கனத்த மரக்கட்டைகள் மேல் உட்கார வையுங்கள்.

1. ஸ்லேஷரை மூன்று புள்ளி இணைப்பில் மாட்டுங்கள், ஷாஃப்டை மாட்ட வேண்டாம். ஷாஃப்டை இழுத்து இரண்டாகப் பிரியுங்கள்.

2. மெஷினை மெதுவாகத் தூக்கி இறக்கி, டிராக்டரின் பி.டி.ஓ. கம்பியும் கியர் பாக்ஸ் கம்பியும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கும் உயரத்தைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே மட்டத்தில் வரும்போது அது அமையும். ஆனால் சில டிராக்டர்களில் முழுதாகத் தூக்கியபோது இன்னும் நெருங்கும், ஆகவே முழு வீச்சையும் பாருங்கள். அந்த உயரத்தில் கட்டை கொடுத்து நிறுத்துங்கள்.

3. ஒரு பாதியை டிராக்டரிலும் மறுபாதியை கியர் பாக்ஸிலும் மாட்டி, இரண்டையும் பக்கம் பக்கமாகப் பிடியுங்கள். ஒவ்வொரு குழாயின் முனையும் எதிர்ப்பாதியின் நுகத்தடி (குரோஸ் ஜாயிண்டைப் பிடிக்கும் கவை வடிவப் பாகம்) அடிவாரத்தைத் தொடாமல் குறைந்தது 25 மி.மீ. தள்ளி நிற்கும்படி கோடு போடுங்கள். 40 மி.மீ. விட்டாலும் தப்பில்லை.

4. உட்குழாய், வெளிக்குழாய், அவற்றின் மேலுள்ள இரு பிளாஸ்டிக் உறைகள் என நான்கிலும் ஒரே அளவு வெட்டுங்கள். 6 செ.மீ. என்றால் நான்கிலும் 6 செ.மீ. ஒன்றில் மட்டும் வெட்டினால் மற்றது முட்டும்.

5. வெட்டிய விளிம்பை உள்ளும் புறமும் அரத்தால் தேய்த்துப் பிசிர் எடுங்கள். இரும்புத் தூளைத் துடைத்துவிட்டு உட்குழாயில் கிரீஸ் பூசுங்கள். பிசிரோடு மாட்டிய குழாய் சறுக்காது, சறுக்காத குழாய் நீளமான குழாய்க்குச் சமம்.

6. இப்போது எதிர் நிலையைப் பாருங்கள். மெஷின் மிகக் கீழே இறங்கிய நிலையில், குழாய் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஷாஃப்ட் வேலை நேரத்தில் வளைந்து பிரியும். அதிகமாக வெட்டிவிட்டால் புதுக் குழாய் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை, ஒட்டுப்போட்டு வெல்டிங் அடிக்காதீர்கள்.

இரு பாதியையும் சேர்க்கும்போது உள்ளே எதிரெதிரே வரும் இரண்டு நுகத்தடிகளும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். முக்கோண, எலுமிச்சை வடிவக் குழாய்களில் தவறு நேர வாய்ப்பு குறைவு. சதுரக் குழாயில் கால் சுற்றுத் திருப்பி மாட்டிவிடலாம். அப்படி மாட்டிய ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் கூடிக் குறைந்து, பிளேடு சமநிலை கெட்டதுபோலவே அதிர்வு தரும். பிளேடை மூன்று தடவை மாற்றியும் அதிர்வு போகாத பல மெஷின்களில் சிக்கல் இதுதான்.

பூட்டுப் பின் "கிளிக்" என்று விழுந்ததும் ஷாஃப்டைப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். உறையின் சங்கிலியை நிலையான இடத்தில் கொக்கி போடுங்கள். உறை சுழலக்கூடாது, உடுத்திய சாரத்தின் நுனி அதில் சிக்கினாலே ஆளை இழுத்துவிடும்.

பழைய டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. தனித்து நிறுத்தும் பி.டி.ஓ. இல்லாத வண்டிகளில் கிளச்சை மிதித்தாலும் சுழலும் பிளேடின் வேகம் ஷாஃப்ட் வழியாகத் திரும்பி வந்து வண்டியை முன்னே தள்ளும். படிக்கட்டு நிலத்தின் ஓரத்திலோ பாரிட் (வாய்க்கால்) கரையிலோ அது உயிர்ப் பிரச்சினை. ஒரே திசையில் மட்டும் பிடிக்கும் ஓவர்ரன்னிங் கப்ளிங் என்ற துண்டை டிராக்டர் கம்பியில் மாட்டினால் இது தீரும். அது சில அங்குல நீளம் சேர்ப்பதால், மாட்டிய பிறகே ஷாஃப்டை அளங்கள்.

ஸ்லிப் கிளச், ஷியர் போல்ட்

பிளேடு மரக்கட்டையில் மோதும்போது கியரைக் காப்பாற்ற, நழுவிக்கொடுக்கும் ஸ்லிப் கிளச், தானே அறுந்துகொடுக்கும் ஷியர் போல்ட் ஆகிய இரண்டில் ஒன்று இருக்கும்.

ஸ்லிப் கிளச்சில் உராய்வுத் தட்டுகளை ஸ்பிரிங்குகள் அழுத்திப் பிடித்திருக்கும். நம் ஊர் ஈரத்தில் மாதக்கணக்கில் கிடங்கில் நின்ற கிளச்சின் தட்டுகள் துருவில் ஒட்டிக்கொள்ளும். பார்க்கப் புதிது, ஆனால் நழுவாது. முதல் குத்துக்கட்டையிலேயே கியர்ப்பல் போகும். ஆகவே ஓட்டும் முன் விடுவிக்க வேண்டும்.

ஒவ்வொரு ஸ்பிரிங்கின் நீளத்தையும் வெர்னியரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தட்டுகளின் வெளி விளிம்பு முழுக்கக் குறுக்காகச் சாக்குக்கட்டியால் ஒரே கோடு இழுங்கள். எல்லா நட்டுகளையும் இரண்டு சுற்று தளர்த்துங்கள். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லி, இஞ்சினை மெதுவேகத்தில் வைத்து, பி.டி.ஓ.வை 2 அல்லது 3 விநாடி மட்டும் போட்டு நிறுத்துங்கள். கொஞ்சம் புகை வந்தால் நல்ல அறிகுறி. எல்லாம் நின்ற பிறகு கோட்டைப் பாருங்கள். தட்டுக்குத் தட்டு விலகியிருந்தால் கிளச் நழுவியது என்று பொருள். விலகவில்லையென்றால் பிரித்து, தட்டுகளை மணல்தாளால் தேய்த்துத் துருவை எடுத்து மறுபடி செய்யுங்கள். ஆறிய பின் நட்டுகளை எழுதி வைத்த அளவுக்கே கொண்டு வாருங்கள். கிளச் அடிக்கடி நழுவுகிறது என்று ஸ்பிரிங்கைச் சுருள் ஒட்டும்வரை இறுக்குபவர்கள், வீட்டு ஃபியூஸில் ஆணி வைக்கிறவர்களுக்குச் சொந்தக்காரர்கள்.

ஒரு பருவம் ஓடாமல் நின்றுவிட்டாலும் இதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஷியர் போல்ட் உள்ள மெஷினில் கையேடு சொல்லும் தடிமனும் தரமும் மட்டுமே. போல்டின் தலையில் உள்ள எண்ணைப் பாருங்கள். 8.8 கேட்ட இடத்தில் 10.9 போட்டால் போல்ட் நிலைக்கும், கியர் நிலைக்காது. புது மெஷினில் ஒரு நாளில் இரண்டு மூன்று போல்ட் அறுந்தால் நிலத்தைப் பழிக்கும் முன் இவற்றைப் பாருங்கள்: ஓட்டுநர் இஞ்சினை முறுக்கிவிட்டு பி.டி.ஓ. போடுகிறாரா, போல்ட் துளை முட்டை வடிவமாகியிருக்கிறதா, நட்டு தளர்ந்து போல்ட் துளைக்குள் ஆடுகிறதா. ஆடும் போல்ட் சம்மட்டி அடி வாங்குவதுபோல் தினம் அடிவாங்கி, லேசான சுமையிலேயே அறும்.

பிளேடுகள்

ஸ்லேஷர் பிளேடு ஒரு தட்டில் தொங்கும் ஊசலாடும் துண்டு. சுழலும்போது வெளியே விரியும், கட்டையில் பட்டால் உள்ளே மடங்கும். கையுறை போட்டுக்கொண்டு இரண்டு பிளேடுகளையும் ஆட்டிப் பாருங்கள். பெயிண்ட் ஒட்டி ஒரு பிளேடு விறைத்து நிற்பது புது மெஷின்களில் சாதாரணம். ஒன்று விரிந்து மற்றது மடங்கியே சுழன்றால் மெஷின் குதிரைபோல் துள்ளும்.

கூர்ப்பக்கம் சுழலும் திசையை நோக்க வேண்டும். பிளேடைத் தலைகீழாக மாட்டினால் புல் வெட்டுப்படாமல் அடிபட்டுக் கிழியும். திசை தெரியாவிட்டால் ஷாஃப்டைக் கையால் பி.டி.ஓ. சுழலும் பக்கம் திருப்பி, கீழே தட்டு எந்தப் பக்கம் போகிறது என்று ஒருவர் பார்க்கட்டும்.

நட்டின் இறுக்கம் கையேட்டில் இருக்கும். பல மெஷின்களில் 400 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். அவ்வளவு பெரிய டார்க் ஸ்பேனர் எல்லாப் பட்டறையிலும் இருக்காது. நட்டிலிருந்து நுனி வரை 1.2 மீட்டர் வரும்படி ஸ்பேனர் கைப்பிடியில் குழாயைச் செருகி, அந்த நுனியில் சுமார் 34 கிலோ எடையளவு அழுத்தினால் 400 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். தொங்கும் தராசை நுனியில் மாட்டி இழுத்தாலும் கணக்குச் சரியாக வரும். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு மறுபடி இறுக்குங்கள், பெயிண்ட் நசுங்கி இடைவெளி விட்டிருக்கும். கியர் பாக்ஸை மெஷினின் மேல் தகட்டோடு பிடிக்கும் போல்டுகளுக்கும் இதே விதி.

மாட்டுவதும் மட்டம் பார்ப்பதும்

வெட்டு உயரத்தை 5 முதல் 8 செ.மீ.க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். செம்மண் சரளையில் தாழ்த்தி ஓட்டினால் ஒரே நாளில் கூர் போய்விடும். மெஷினின் முன் விளிம்பு பின்னைவிட 1 முதல் 2.5 செ.மீ. தாழ்வாக இருக்கட்டும். முன்பக்கம் வெட்டியதைப் பின்பக்கம் மறுபடி அரைத்தால் இஞ்சினுக்கு வீண் சுமை. இதை மேல் இணைப்புக் கம்பியாலும் பின் சக்கரத்தாலும் சரி செய்யலாம். இடம் வலம் மட்டத்துக்கு, கீழ் இணைப்புக் கையைத் தூக்கும் கம்பியின் திருகு. அதற்கு முன்னால், டிராக்டரின் பின் டயர்கள் இரண்டின் காற்றையும் அளங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

ஹைட்ராலிக்கில் மெஷினை ஒரே உயரத்தில் நிறுத்தும் பொசிஷன் கண்ட்ரோல் லீவரை மட்டும் பயன்படுத்துங்கள். கலப்பைக்கான டிராஃப்ட் கண்ட்ரோலில் விட்டால் மெஷின் தானாக ஏறி இறங்கி, வெட்டு அலை அலையாக விழும். பக்கச் சங்கிலிகளை இறுக்கி ஆட்டத்தை அடக்குங்கள். தூக்கியபோது முன் சக்கரம் லேசாகிவிட்டால் முன்னே எடைக்கல் மாட்ட வேண்டும். டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முன்னச்சில் நிற்க வேண்டும் என்பது பொதுக்கணக்கு. படிக்கட்டு நிலத்தில் இதைச் சும்மா விடக்கூடாது.

முதல் ஓட்டம்

ஷாஃப்டின் எல்லாக் கிரீஸ் நிப்பிள்களுக்கும், பின் சக்கரத்துக்கும் கிரீஸ் அடித்துவிட்டு, இஞ்சின் மெதுவேகத்தில் இருக்கும்போது பி.டி.ஓ. போடுங்கள். பிறகு மெல்ல ஏற்றி, மீட்டரில் 540 என்று குறித்திருக்கும் இடத்துக்குக் கொண்டு வாருங்கள். புல்லில்லாமல் 10 நிமிடம் ஓடட்டும். நிறுத்தி, பிளேடு முழுதாக நின்றபின் இறங்கி, கியர் பாக்ஸைப் பாருங்கள். சூடாவது இயல்பு. மேலே தெளித்த தண்ணீர்த் துளி சுர்ரென்று பொரிந்தால் எண்ணெய் போதவில்லை அல்லது பேரிங் இறுக்கம், அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

பிளேடு நுனி மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் பாய்கிறது. அதில் பட்ட கல் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. சங்கிலித் திரையோ ரப்பர்த் திரையோ முன்னும் பின்னும் இல்லாத மெஷினைக் குடியிருப்பு, கோயில், பள்ளி பஸ் நிறுத்தம் பக்கம் ஓட்ட வேண்டாம். 90 மீட்டருக்குள் ஆள் இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

அதிர்வு எங்கிருந்து வருகிறது

ஊகித்துப் பாகம் மாற்றுவதைவிட, ஒவ்வொன்றாகக் கழற்றி ஓட்டிப் பார்ப்பது மலிவு.

முதலில் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு டிராக்டரின் பி.டி.ஓ.வை மட்டும் ஓட்டுங்கள். அப்போதும் ஆடினால் ஸ்லேஷருக்குச் சம்பந்தமில்லை.

அடுத்து இரண்டு பிளேடுகளையும் கழற்றிவிட்டு, ஷாஃப்டோடு ஓட்டுங்கள். அதிர்வு போய்விட்டால் பழி பிளேடில். இரண்டையும் தராசில் நிறுங்கள், 30 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் புதிதாக வாங்குவது ஒரு காலில் புதுச் செருப்பு போடுவதுபோல. எடை சரியாக இருந்தால் நீளத்தையும் வளைவையும் பாருங்கள்.

பிளேடு இல்லாமலும் ஆடினால் மூன்று இடம் பாக்கி. நுகத்தடிகள் ஒரே கோட்டில் இல்லாத ஷாஃப்ட், வளைந்த பிளேடுத் தட்டு, தளர்ந்த நடு நட்டு. தட்டைச் சோதிக்க, பிளேடுகளை மாட்டி மெஷினைச் சிமெண்டுத் தரையில் கட்டைமேல் நிறுத்துங்கள். ஒரு பிளேடை முன்னே நீட்டி நுனிக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை அளங்கள். மற்றதை அதே இடத்துக்குச் சுழற்றி அளங்கள். 1 செ.மீ.க்கு மேல் மாறினால் தட்டோ அதைச் சுழற்றும் கியர் பாக்ஸின் கீழ்க்கம்பியோ வளைந்திருக்கிறது. புதிய மெஷினில், எதிலும் மோதாமல் இப்படி இருந்தால் அது தொழிற்சாலைக் குறை, பிரிக்காமல் கடைக்காரரைக் கூப்பிடுங்கள். நடு நட்டு தளர்ந்திருந்தால் தட்டைக் கையால் மேலும் கீழும் அசைக்கும்போதே தெரியும்.

மெஷினைத் தூக்கும்போது மட்டும் கடகடவென்று அதிர்ந்தால் மெஷினில் கோளாறு இல்லை. குரோஸ் ஜாயிண்டின் கோணம் அளவு மீறுகிறது. திரும்பும் இடங்களில் தேவைக்கு மட்டும் தூக்குங்கள், உயரத் தூக்குவதென்றால் பி.டி.ஓ.வை நிறுத்துங்கள்.

காலையில் நன்றாக ஓடி மதியம் ஆடத் தொடங்கியதா? மெஷினின் மேல் தகட்டுக்கு அடியில் பாருங்கள். மழைக்குப் பின் களிமண்ணும் நறுக்கிய புல்லும் ஒரு பக்கமாக அப்பியிருக்கும்.

ஒழுகல்

கசிகிறது என்று தெரிந்ததும் சீல் வாங்க ஓடாதீர்கள். பெட்டியைச் சோப்பு நீரால் கழுவிக் காயவைத்து, முகப்பவுடரைத் தூவி, 10 நிமிடம் ஓட்டுங்கள். ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுவே இடம். தலையிலுள்ள மூச்சுத் திருகிலிருந்து என்றால் எண்ணெய் அதிகம். முன் சீலிலிருந்து என்றால் ஷாஃப்ட் நீளத்தை மறுபடி அளங்கள், அளக்காமல் போட்ட புதுச் சீலும் ஒரு வாரத்தில் போகும்.

கீழ்ச் சீல் கசிவுக்குச் செம்பனைத் தோட்டத்தில் ஒரு குற்றவாளி உண்டு: உரச் சாக்கு. வரிசையில் கிடக்கும் நெகிழிச் சாக்கின் நார், கீழ்க்கம்பியில் சுற்றிச் சூடேறி உருகி, சீலின் உதட்டை அறுத்துவிடும். மூடுபயிரான மூக்குனா கொடியும் வேலிக் கம்பியும் அதையே செய்யும். மாலையில் மெஷினைக் கட்டைமேல் ஏற்றி, கத்தியால் கீழ்க்கம்பியைச் சுத்தம் செய்வது ஐந்து நிமிட வேலை. வெட்டும் முன் சாக்குகளைப் பொறுக்கச் சொல்லி மண்டோரிடம் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) ஒரு வார்த்தை சொன்னால் அதுவும் மிச்சம்.

வெட்டு சரியில்லை என்றால்

நடுவில் ஒரு கோடு வெட்டுப்படாமல் நின்றால் பெரும்பாலும் 540 எட்டாமல் ஓட்டுகிறார்கள், அல்லது வேகமாகப் போகிறார்கள். அடர்ந்த புல்லில் மணிக்கு 3 முதல் 5 கி.மீ. போதும். டீசல் மிச்சம் என்று இஞ்சினைத் தாழ்த்திவிட்டு வெட்டச் சொல்லும் முதலாளிக்கு, அதே இடத்தை இரண்டு முறை வெட்டும் டீசல் கணக்கைக் காட்டுங்கள். ஸ்லேஷர் செம்பனை மட்டைகளைத் தூளாக்கும் மெஷின் இல்லை. மட்டை அடுக்கிய வரிசைக்குள் இறக்காதீர்கள், அடிமட்டை ஒவ்வொன்றும் கிளச்சுக்கு ஓர் அடி.

கடைக்காரரிடம் பேசும்போது

எண்ணெய் அளவு, கிளச் கோடு, ஷாஃப்ட் வெட்டும் முன்னும் பின்னும் உள்ள நீளம், டிராக்டரின் மணி மீட்டர் எல்லாவற்றுக்கும் தேதியோடு போட்டோ வைத்திருந்தால் வாக்குவாதமே வராது. கியர் பாக்ஸை நீங்களே பிரித்துவிட்டால் வாரண்டி கேட்க வாய் இருக்காது. தொழிலுக்காக வாங்கிய மெஷினுக்கு மலேசியாவின் 1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் பொருந்தும். விற்கத்தக்க தரம் இல்லாத பொருளுக்கு விற்றவர் பொறுப்பு. ஆனால் குறை தெரிந்தும் வாரக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தால் பொருளை ஏற்றுக்கொண்டதாகவே கருத இடமுண்டு. ஆகவே கோளாறு தெரிந்த அன்றே நிறுத்தி, எழுத்தில் தெரிவியுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான்.

10 மணி, 50 மணி

குரோஸ் ஜாயிண்டுகளுக்கு 8 மணி நேரத்துக்கு ஒரு முறை கிரீஸ். 10 மணி நேரம் ஓடியதும் மெஷினில் உள்ள எல்லா போல்டுகளையும் ஒரு சுற்று இறுக்குங்கள், எண்ணெய் அளவு பாருங்கள்.

50 மணி நேரம் ஆனதும் கியர் எண்ணெயை முழுதாக மாற்றுங்கள். ஓட்டி நிறுத்திய சூட்டிலேயே வடித்தால் அடியில் தங்கிய தூளும் சேர்ந்து வரும். வடித்ததை வெள்ளைத் துணியில் ஊற்றி, காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்புபோல் ஒட்டினால் புதுப் பற்கள் ஒன்றோடொன்று பழகிய தேய்மானம், கவலையில்லை. விரலில் நெருடும் சில்லுகள் வந்தால் புது எண்ணெய் ஊற்ற வேண்டாம். துணியையும் சில்லுகளையும் பையில் போட்டுக் கட்டி, மெஷினோடு கடைக்கு அனுப்புங்கள்.